தற்காப்பு வகுப்பில் ‘வேண்டாம்’ என்னும் சொல்

பின்னாலிருந்து கழுத்தை வளைத்துப் பிடித்தால் எப்படி விடுபடுவது என்பது தற்காப்பு வகுப்புகளில் தொடக்க நாட்களிலேயே வந்துவிடுகிற பாடம். மாஸ்டர் வரிசையிலிருந்து ஒரு பெண்ணைக் கைகாட்டி அழைப்பார். அவள் முன்னால் வந்து நிற்பாள். சொல்லாமல் கொள்ளாமல் அவர் முழங்கை அவள் தாடைக்குக் கீழே வந்து இறுக்கும். “இப்ப என்ன செய்வே?” மோவாயைத் தாழ்த்து, இரு கையாலும் அவன் முன்கையைக் கீழே இழு, இடுப்பை ஒரு பக்கம் ஒதுக்கு, குதிகாலால் அவன் பாதத்தை மிதி: இதுதான் அவர் எதிர்பார்க்கும் விடை. சில பெண்கள் தட்டுத்தடுமாறி அதைச் செய்துவிடுவார்கள். எப்போதாவது ஒருத்தி ஒன்றும் செய்யாமல் நிற்பாள். கைகள் தொங்கும், பார்வை எதிர்ச்சுவரில் குத்திட்டு நிற்கும், உதட்டில் ஒரு சின்னச் சிரிப்புகூட இருக்கும். வகுப்பும் சிரிக்கும். “இப்படி நின்னா முடிஞ்சுது கதை” என்பார் மாஸ்டர். அடுத்த வாரம் அவள் வராவிட்டால், பயந்த சுபாவம், இந்தக் கலை அவளுக்கு ஒத்துவரவில்லை என்று விட்டுவிடுவார்கள். அந்தப் பெண்ணுக்கு அந்த ஒரு நிமிடத்தில் கற்பிக்கப்பட்டது என்ன என்று யாரும் கேட்பதில்லை. தன்னைவிட வலுவான, தான் மதிக்க வேண்டிய ஓர் ஆண் கேட்காமல் தன்மேல் கை வைத்தால் பொறுத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பதே அது. தற்காப்பு வகுப்பு கற்பிக்கக் கூடாத ஒன்று இருக்கிறதென்றால் இதுதான்.

மனவடு உள்ளவர்களை மனத்தில் வைத்துத் தற்காப்பு கற்பிக்க வேண்டும் என்ற பேச்சு வரும்போதெல்லாம், அதை இரக்கத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். பாவம், கொஞ்சம் மென்மையாக நடத்துங்கள் என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. என் வாதம் வேறு. மாணவியின் ‘வேண்டாம்’ செல்லுபடியாகாத வகுப்பில் தற்காப்பே கற்பிக்கப்படுவதில்லை. மனவடுவை அறிந்து கற்பிக்கும் முறையை நான் கேட்பது, அதுவே தொழில்நுட்பமாகச் சரியான முறை என்பதற்காக.

உறைந்து நிற்பதில் தொடங்குவோம். ஆபத்து வந்தால் உடம்பு ஒன்று எதிர்க்கும், இல்லையேல் ஓடும் என்ற கருத்தை அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனன் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவலாக்கினார். பெரும்பாலான தற்காப்புப் பாடத்திட்டங்கள் இன்னும் அந்த இரண்டு கதவுகளை மட்டுமே அறிந்தவை. தமிழ் மூன்றாவது கதவை எப்போதோ அறிந்திருக்கிறது. ‘கையும் ஓடல, காலும் ஓடல’ என்கிறோம்; உடம்பு மரத்துவிட்டது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்கிறோம். இது வெறும் பேச்சு வழக்கில்லை. ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்கு ஆளான பெண்களுக்கான அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 298 பெண்களை ஆராய்ந்து அன்னா மோலரும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அவர்களில் 70% பேர் தாக்குதலின்போது குறிப்பிடத்தக்க அளவில் உடல் உறைந்துபோனவர்கள். 48% பேருக்கு அது மிகக் கடுமையாக இருந்தது. உறைந்தவர்களுக்கு ஆறு மாதம் கழித்து மனவடுவுக்குப் பிந்தைய நோயும் கடும் மனச்சோர்வும் வரும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது. தற்காப்பு ஆசிரியர் கவனிக்க வேண்டிய இன்னொரு கண்டுபிடிப்பும் அதில் உண்டு: முன்பே ஏதேனும் ஒரு கொடுமைக்கு ஆளானவர்கள் உறைந்துபோவது அதிகம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்ற பழமொழியை யாரோ ஒருவரின் கோழைத்தனத்தைக் கேலி செய்யவே நாம் பயன்படுத்துகிறோம். அது உண்மையில் ஒரு துல்லியமான உடலியல் குறிப்பு. கழுத்தில் படும் முன்கை மாஸ்டருடையது என்பது அறிவுக்குத் தெரியும், உடம்புக்குத் தெரிவதில்லை.

‘ஏன் எதிர்க்கவில்லை?’ என்ற கேள்விக்கு நம் நாட்டில் ஒரு சட்ட வரலாறு உண்டு. 1972இல் மகாராஷ்டிரத்தில் ஒரு காவல் நிலையத்துக்குள் வைத்து ஓர் ஆதிவாசிச் சிறுமி இரண்டு காவலர்களால் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக வந்த வழக்கு மதுரா வழக்கு என்று அறியப்படுகிறது. உடம்பில் காயமில்லை, கூச்சலிட்டு எதிர்த்ததற்கு அடையாளமில்லை என்று சுட்டி, உச்ச நீதிமன்றம் 1978இல் இருவரையும் விடுவித்தது. உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979இல் எழுதிய திறந்த மடல் நாடெங்கும் பெண்கள் இயக்கத்தைக் கிளர்த்தியது. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. 2013ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் தெளிவாகப் பேசியது: உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒரு பெண் சம்மதித்தாள் என்று கருதக் கூடாது. இன்றைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் அது அப்படியே இருக்கிறது. ஆக, நீதிமன்றம் கைவிட வேண்டிய கேள்வி என்று சட்டமே எழுதிவைத்துப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. தற்காப்பு வகுப்புகளில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘இப்படி நின்னா முடிஞ்சுது கதை’ என்பது 1978ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பயிற்சிக்கூட வடிவம்.

நம் வகுப்பில் அப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் இல்லை என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. எண்கள் அதற்கு இடம் தரவில்லை. ஒன்றிய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டது. அவர்களில் 53.22% பேர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அந்த ஆய்வின் வரையறை விரிந்தது என்பது உண்மை. கடுமையான வகைகளை மட்டும் எடுத்தாலும் ஐந்தில் ஒரு குழந்தை. பெரியவர்களிடம் வந்தால், ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகப் பதிவாகியிருக்கிறது. நாற்பது பேர் நிற்கும் பள்ளி மைதானத்தில் யார் யாருக்கு என்ன நடந்தது என்று ஆசிரியருக்குத் தெரியப்போவதில்லை, கேட்கவும் கூடாது. தெரியாது என்பதாலேயே எல்லோருக்குமாகப் பாடத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. மேக்ஸின் ஹாரிசும் ரோஜர் ஃபாலட்டும் 2001இல் முன்வைத்த மனவடு அறிந்த சேவை என்ற கருத்தின் சாரமும் இதுதான்: நோயாளியைக் கண்டுபிடித்துத் தனியே நடத்துவது அல்ல, யார் வந்தாலும் காயப்படாதபடி இடத்தை அமைப்பது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்டுகிறவர், ஏறுகிறவரிடம் மருத்துவச் சான்று கேட்பதில்லை.

அதே கழுத்துப் பிடியை இப்படியும் கற்பிக்கலாம். இன்று இந்தப் பிடி வரும் என்று மாஸ்டர் வகுப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். முதலில் தன் கழுத்தைத் துணைப் பயிற்சியாளர் கையில் கொடுத்து, தானே மாட்டிக்கொண்டு விடுபட்டுக் காட்டுகிறார். அந்தரங்கமான உடம்பை ஒப்படைப்பவர் முதலில் ஆசிரியராக இருப்பது சின்ன விஷயம்போலத் தோன்றும், ஆனால் வகுப்பின் அதிகாரக் கணக்கையே அது மாற்றிவிடுகிறது. பிறகு மாணவிகள் தங்கள் இணையைத் தாங்களே தேர்ந்துகொள்கிறார்கள். பிடிக்கப் போகிறவள் ‘பிடிக்கட்டுமா?’ என்று கேட்கிறாள். பதிலாக ‘தோள் வரைக்கும்’, ‘சட்டைக் காலர் மட்டும்’, ‘மெதுவா’, ‘இன்னைக்கு வேண்டாம், பார்க்கிறேன்’ என்று எது வந்தாலும் அது சரியான விடை. ‘நில்’ என்ற சொல்லுக்குப் பிடித்த கை அந்தக் கணமே விலக வேண்டும். முதல் பத்து நிமிடம் அதைமட்டுமே பழகுகிறார்கள். பின்னாலிருந்து பிடிப்பதற்கு முன் முன்னாலிருந்து, கண் பார்த்து. இறுக்கம் படிப்படியாகக் கூடுகிறது, கூட்டச் சொல்பவள் பிடிபட்டவள். கதவு திறந்திருக்கிறது. யாராவது குத்திட்ட பார்வையோடு, மூச்சை அடக்கிக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் தலையாட்டினால் ஆசிரியர் அதை அடக்கம் என்று மெச்சுவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், பாதம் தரையில் படுவதைக் கவனிக்கச் சொல்கிறார், தண்ணீர் குடிக்க அனுப்புகிறார், காரணம் கேட்பதில்லை. இதில் குறைக்கப்பட்ட அடிமுறை எதுவும் இல்லை. மோவாயைத் தாழ்த்துவதும் பாதத்தை மிதிப்பதும் அப்படியே இருக்கின்றன. கூடுதலாகச் சேர்ந்திருப்பது, ஒருத்தி தன் வாயால் ‘நில்’ சொல்லி ஒரு கை விலகியதை ஒரு மாலைக்குள் முப்பது முறை கண்ட அனுபவம்.

முதல் ஆட்சேபம் எல்லோருக்கும் தெரிந்ததே. தெருவில் வருகிறவன் அனுமதி கேட்டுவிட்டா வருவான்? அடியாத மாடு படியாது. திடீர்த் தாக்குதலுக்குத் திடீரென்றுதான் பழக்க வேண்டும். இதில் பாதி உண்மை இருக்கிறது. உண்மையான பாதியை எப்படிக் கையாளுவது என்பதற்கு அமெரிக்காவில் அரை நூற்றாண்டு அனுபவமும் இருக்கிறது. கறுப்புப் பட்டை வாங்கிய ஒரு கராத்தே வீராங்கனை வன்புணர்வுக்கு ஆளானதை அடுத்து, 1971இல் மாட் தாமஸ் ‘மாடல் மக்கிங்’ என்ற பயிற்சியைத் தொடங்கினார். தலைமுதல் கால்வரை திணிப்புக் கவசம் அணிந்த ஓர் ஆண் தாக்க வருவார். மாணவி முழு வலுவோடு உதைப்பார், கண்ணையும் தொடையிடுக்கையும் குறிவைப்பார். இதைவிடக் கடுமையான பயிற்சி நம்மூர்ப் பள்ளிகளில் ஏது? ஆனால் அந்தப் பயிற்சியில் மாணவியின் பக்கத்திலேயே ஒரு பெண் பயிற்றுநர் நின்று குரல் கொடுத்துக்கொண்டிருப்பார், தாக்குதலின் வேகம் படிப்படியாகத்தான் ஏறும், ஒவ்வொரு மோதலும் மாணவி வென்று முடிப்பதாக அமைக்கப்பட்டிருக்கும். எலிசபெத் ஓஸரும் ஆல்பர்ட் பண்டூராவும் இப்பயிற்சி பெற்ற 43 பெண்களை ஆறு மாதம் வரை தொடர்ந்து ஆராய்ந்து 1990இல் எழுதினார்கள். தன்னால் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை உயர்ந்திருந்தது. தாக்குதல் பற்றிய தொந்தரவு நினைவுகள் குறைந்திருந்தன. போகாத இடங்களுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். கடுமையும் கவனமும் ஒன்றையொன்று தின்பவை அல்ல. ஒருவர் தாங்கும் அளவைத் தாண்டித் திடீரென்று அழுத்தினால் உடம்பு கற்பதை நிறுத்திவிடுகிறது. அப்போது அது பழகுவது உறைவதை மட்டுமே. நீச்சல் தெரியாதவரைக் கிணற்றில் தள்ளிவிட்டுக் கற்றுக்கொடுத்தேன் என்று பெருமைப்படுகிறவர்கள், தப்பிக் கரையேறியவர்களை மட்டுமே எண்ணுகிறார்கள்.

தவிர, ‘தெருவில் வருகிறவன்’ என்ற தொடரே நம்மைத் திசைதிருப்புகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டு அறிக்கைகளில், பதிவான வன்புணர்வு வழக்குகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பெண்ணுக்குத் தெரிந்தவர்: உறவினர், பக்கத்து வீட்டார், நண்பர், மேலதிகாரி. இருட்டுச் சந்தில் பாயும் முகமூடிக்காரனுக்காகப் பழகிய முழங்கைக் குத்து, மாமா என்று அழைக்கும் ஒருவர் தோளில் கை போடும்போது எழுவதில்லை. அங்கே தடையாக நிற்பது தசை வலுவின்மை அல்ல, மரியாதை. கனடாவின் விண்ட்சர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லீன் சென் வடிவமைத்த பயிற்சி இந்த இடத்தைத்தான் குறிவைத்தது. மூன்று பல்கலைக்கழகங்களில் 893 மாணவிகளைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2015இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. மும்மூன்று மணி நேரமாக நான்கு அமர்வுகள். அறிந்தவரிடமிருந்து வரும் ஆபத்தை அடையாளம் காண்பது, அவரை மறுப்பதில் உள்ள மனத்தடையை ஒப்புக்கொண்டு கடப்பது, பிறகே வாயாலும் உடம்பாலும் எதிர்ப்பது என்பது வரிசை. ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் பயிற்சி பெற்ற குழுவில் 5.2%, துண்டறிக்கைகள் மட்டும் கிடைத்த குழுவில் 9.8%. முயற்சி அளவில் நின்றவை 3.4%, 9.3%. நைரோபியின் குடிசைப் பகுதிகளில் ஆறு வாரம், மொத்தம் 12 மணி நேரம் பயிற்சி பெற்ற பள்ளி மாணவிகளிடையே பாலியல் தாக்குதல் ஆண்டுக்கு 24.6 விழுக்காட்டிலிருந்து 9.2ஆகக் குறைந்ததாக 2013இல் வந்த ஆய்வு சொன்னது.

இந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதில் நிதானம் வேண்டும். நைரோபி ஆய்வில் குழுக்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. ஓஸர், பண்டூரா ஆய்வில் வந்தவர்கள் தாமாக விரும்பி வந்தவர்கள். மனவடு அறிந்த முறை ஒரு பக்கம், வழக்கமான முறை மறுபக்கம் என்று நேருக்கு நேர் நிறுத்தி இவற்றில் எதுவும் அளக்கவில்லை. ஆனாலும் பலன் தந்தவற்றுக்குள் ஓர் ஒற்றுமை இருக்கிறது. எல்லாமே மறுக்கும் குரலை அடிக்கு முன்னால் வைத்தவை. மனநல மருத்துவத் தரப்பிலிருந்தும் ஒரு சான்று வருகிறது. பெஸ்ஸல் வான் டெர் கோல்க் குழுவினர் 2014இல் வெளியிட்ட சோதனையில், மற்றச் சிகிச்சைகளுக்கு மசியாத நாள்பட்ட மனவடு நோயுள்ள 64 பெண்களில் ஒரு பாதிக்குப் பத்து வாரம் யோகா கற்பிக்கப்பட்டது. முடிவில் அவர்களில் 52% பேர் நோய்க்கான வரையறையிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவில் 21%. அந்த யோகா வகுப்பில் ஆசிரியர் யாரையும் தொட்டுத் திருத்துவதில்லை. ‘விரும்பினால் கையை உயர்த்தலாம்’ என்பதே கட்டளையின் வடிவம். உடம்பு தன் சொல் கேட்கிறது என்ற உணர்வு திரும்புவதே அங்கு மருந்து. பாதுகாப்பும் தன் வாழ்வின் மீதான பிடியுமே மீட்சியின் அடித்தளம் என்று ஜூடித் ஹெர்மன் 1992லேயே எழுதியதுதான் இது.

சரி, நான் மருத்துவரா என்று கேட்கும் மாஸ்டரின் கேள்வி நியாயமானது. இல்லை, ஆக வேண்டாம், ஆக முயலவும் கூடாது. நாலு நாள் பயிலரங்கில் கலந்துகொண்டு வந்து, வட்டமாக உட்காரவைத்து ‘உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்’ என்று தொடங்குகிறவர், முன்னறிவிப்பின்றிக் கழுத்தைப் பிடிப்பவரைவிட ஆபத்தானவர். கதையைக் கேட்காமலே பாடத்தைச் சரியாக அமைப்பதுதான் ஆசிரியரின் வேலை. கேளாமலே ஒரு பிள்ளை சொன்னால் அப்போது சட்டம் வருகிறது. 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, 18 வயதுக்கு உட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் பற்றி அறிந்த யாரும் காவல் துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. தெரிவிக்காமல் மறைப்பது தண்டனைக்குரியது. ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்க மாஸ்டருக்கு உரிமையில்லை. குழந்தைகள் உதவி எண் 1098ஐப் பயிற்சிக்கூடச் சுவரில் எழுதிவைப்பதற்கு உளவியல் பட்டம் வேண்டாம்.

மரபு கெட்டுவிடும் என்பது இன்னொரு கவலை. ஆசானைக் கேள்வி கேட்காத பணிவில்தான் கலை நிற்கிறது, ‘பிடிக்கட்டுமா’ என்று கேட்டுக்கொண்டிருந்தால் களரி களரியாக இருக்குமா என்கிறார்கள். போர்க்கலைகளின் உள்ளே பார்த்தால் கதை வேறாக இருக்கிறது. 1882இல் ஜிகோரோ கானோ நிறுவிய ஜூடோவில், கழுத்து நெரிபட்டவர் தரையிலோ எதிராளியின் உடம்பிலோ இருமுறை தட்டினால் பிடி அந்தக் கணமே விடப்பட வேண்டும். யாரும் அதைக் கோழைத்தனம் என்பதில்லை. தட்டியபின் விடாதவரே கேவலமானவர். தூக்கி எறியக் கற்பதற்கு முன் காயமின்றி விழக் கற்பிப்பதும் அங்கு உண்டு. கன்னியாகுமரிப் பகுதியின் வர்ம மரபில் ஆசான் அடிப்பவர் மட்டுமல்ல, வைத்தியரும்கூட. வர்மத்தில் தட்டியவருக்கு அதை இளக்கத் தெரிந்திருக்க வேண்டும், இளக்கும் வழியான அடங்கலை அறியாதவன் வர்மத்தைத் தொடக் கூடாது என்பது அந்தக் கல்வியின் ஒழுங்கு. காயப்படுத்தும் கைக்குக் காயம் ஆற்றும் பொறுப்பும் உண்டு என்று அறிந்த மரபு, மனவடு என்ற சொல்லைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. கேள்வி கேட்காத பணிவைப் பொறுத்தவரை, பயிற்சியாளரே குற்றவாளிக் கூண்டில் நிற்கும் போக்சோ வழக்குகள் தமிழ்நாட்டிலும் பதிவாகியிருக்கின்றன. உடம்பைத் தொட்டுத் திருத்தும் உரிமையும், மறுக்கக் கூடாத அதிகாரமும், பெற்றோரின் முழு நம்பிக்கையும் ஒரே ஆளிடம் சேரும் இடம் அது. அதைப் புனிதம் என்று பூட்டிவைத்தால் பயனடைவது கலை அல்ல.

தற்காப்பு கற்பிப்பதே பாரத்தைப் பெண்மீது ஏற்றுவதுதானே என்று பெண்ணியர் சிலர் கேட்பதை எளிதில் தள்ளிவிட முடியாது. ‘ஏன் எதிர்க்கவில்லை’ என்று சிரிக்கும் வகுப்புக்கு அந்தக் குற்றச்சாட்டு முழுக்கப் பொருந்தும். குற்றம் செய்தவனுடையது, உறைந்தால் அது உன் உடம்பு உன்னைக் காத்த ஒரு வழி, இது கூடுதலாக இன்னொரு வழி, எதைத் தேர்ந்தாலும் பழி உன்னுடையதல்ல என்று முதல் நாளே சொல்லும் வகுப்புக்குப் பொருந்தாது. பாரத்தை ஏற்றுவதும் இறக்குவதும் எப்படிக் கற்பிக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தின்கீழ், ராணி லட்சுமிபாய் பெயரில், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரையுள்ள மாணவிகளுக்கு மூன்று மாதம் தற்காப்புப் பயிற்சி அளிக்கப்படுகிறது. பள்ளிக்கு மாதம் 5,000 ரூபாய். அந்த ஐயாயிரத்துக்குள் பயிற்சியாளர் மாற்றிக்கொள்ள வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காசு தேவையில்லை. முன்கூட்டிச் சொல்வது, கேட்டுவிட்டுத் தொடுவது, நில் என்றால் நிற்பது, ஒரு பெண் ஆசிரியரை உடன் வைத்துக்கொள்வது, இவ்வளவுதான். கல்வித் துறை பயிற்சியாளரிடம் கறுப்புப் பட்டைச் சான்றிதழைக் கேட்கும்போது இதையும் எழுத்தில் கேட்கலாம்.

துறை கேட்கும்வரை பெற்றோர் காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையைச் சேர்க்குமுன் ஒரு மாலை போய், ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். உதையின் உயரத்தையும் சுவரில் மாட்டிய கோப்பைகளையும் பார்த்தது போதும். ஏதாவது ஒரு பிள்ளை ‘வேண்டாம் மாஸ்டர்’ என்று சொல்கிறதா, சொன்னதும் அந்தக் கை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். ஒரு மணி நேரத்தில் அந்தக் குரல் ஒருமுறைகூட எழவில்லை என்றால், வேறு வகுப்புத் தேடுங்கள்.